ஓடையோர முட்புதர்

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, ஹில்ஸ்பரோ வீட்டுக் கராஜில் இரண்டு காடைகளுக்கு இறகு பிடுங்கியது. தோல் கிழியக் கூடாது. என்னுடையது கிழிந்தது.

"எஞ்சினியரின்ர கை," என்று என் வேலையைக் கேலி செய்தார்.

அப்பா இரத்தினசிங்கம், விரி என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் வையூக்கு என்ற ஊர்ப் பக்கம் கிரேக் என்பவரின் பண்ணைக்குக் காடை வேட்டைக்குப் போவார். லைசென்ஸ் இருந்தும், ஒவ்வொரு முறையும் கிரேக்கின் கதவைத் தட்டி அனுமதி கேட்பார். கையில் அம்மா பொரித்த ரோல்ஸ் இருக்கும்.

அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் துவக்கோ?" என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமையில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்ட பிறகே சமாதானமானார்.

காடை லேசில் ஏமாறாது. கூட்டம் மேயும்போது ஒரு ஆண் காடை வேலிக் கட்டையில் ஏறிக் காவல் இருக்கும். அதை அப்பா சுடமாட்டார். தரையில் நிற்பவற்றையும் சுடமாட்டார். ஒரே வெடியில் பல காயப்படும். எழுந்து பறப்பதில் ஒன்று மட்டும். விழுந்ததைக் கண்டெடுக்கும்வரை அடுத்த வெடி கிடையாது. ஒருமுறை ஒரு பறவைக்காகப் பிற்பகல் முழுதும் முள்ளுக்குள் தேடினோம். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அந்தப் பிற்பகல் எனக்குக் கிடைத்ததே என்றிருக்கிறது.

இந்த வருடம் கூட்டம் சிறுத்திருந்தது. இரண்டு விழுந்ததும் அப்பா தோட்டாக்களைக் கழற்றிவிட்டார். சட்டப்படி இன்னும் சுடலாமே என்றேன்.

"இந்தப் பத்தைக்குள்ள எத்தினை மிச்சமெண்டு சட்டத்துக்குத் தெரியுமோ?"

சரிவில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் முட்புதர்களை கிரேக் மெஷின் விட்டு அழித்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரருக்கு அது களை. காடைக்கு அதுதான் பருந்திடமிருந்து ஒளியும் இடம். ஓடையோரத்தில் ஒரு மூலைதான் மிச்சம். அதுவும் போனால் கூட்டம் தங்காது. அதை விட்டுவைக்க முடியுமா என்று அப்பா கேட்டார். கிரேக் யோசித்தார். எது வேண்டுமோ அதைச் சுற்றி ரிப்பன் கட்டிவிடு, மெஷின்காரன் தொடமாட்டான் என்றார். திரும்பும் வழியில் அப்பா ஆரஞ்சு ரிப்பன் வாங்கினார்.

"வாற சனி கட்டுவம்."

புதன்கிழமை, வேலையிடத்தில், மாரடைப்பு.

மாங்கரே மயானத்தில் நடந்த தகனத்துக்கு கிரேக் கோட் போட்டுக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் வேட்டைக்கு வந்தவர்களில் தன் பண்ணைக் கேட்டை ஒருநாளும் திறந்தபடி விட்டுப் போகாதவர் அப்பா ஒருவர்தான் என்று அம்மாவிடம் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன்.

"ஓம், வீட்டிலையும் அப்பிடித்தான்," என்றார் அம்மா.

அப்பாவுக்கு அத்தனை சனிக்கிழமைகளைக் கொடுத்ததற்காக கிரேக்குக்கு நன்றி சொன்னேன்.

மெஷின் திங்கட்கிழமை வருகிறது என்று நேற்று கிரேக் செய்தி அனுப்பியிருக்கிறார். அந்த ஓடையோர மூலையில் அப்பா வாங்கிய ரிப்பனை இன்னும் கட்டவில்லை.