டியூப்பை யார் பிடிக்கிறார்கள்?

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு கேட்டைத் தட்டியவர் அந்தோணி. கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். வயது நாற்பத்து மூன்று. காபி கொடுத்தேன், தொடவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

“டீச்சர், என்னைய இனி கடல்ல எறங்க வேண்டாம்னு சொல்லிட்டாவ. உங்க பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்காம்லா?”

என் பேப்பர்... ஆமாம், நான் எழுதியதுதான்.

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு நிறுவனம், சங்கு குளிப்பவர்களின் பயத்தை அளந்து தரச் சொன்னது. பெருமையோடு ஒப்புக்கொண்டேன். வயது, அனுபவம், படிப்பு, இறங்கும் ஆழம் — இவை சாரா மாறிகள். பயம் — சார்ந்த மாறி. முதலில் சொன்னவை மாறும்போது பயம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

முடிவு பளிச்சென்று வந்தது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பயம் அதிகம்! அதற்கு மேல் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ‘பயந்தவன் தண்ணிக்குள் தப்பு செய்வான், அவனை இறக்கக் கூடாது’ என்பதைப் படகு முதலாளிகளே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அவர்களைச் சம்மாட்டி என்போம்.

“வயசானா கொஞ்சம் பயம் வரும்தானே அந்தோணி?” என்று சமாளித்தேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி.

“வயசுக்கும் பயத்துக்கும் என்ன டீச்சர் இருக்கு? டியூப்பு ஆரு கையில இருக்குங்கதுதான் கணக்கு. அன்னைக்கே சொன்னம்லா.”

விஷயம் இதுதான். கடலுக்கடியில் இருப்பவருக்கு மூச்சே படகிலிருந்து டியூப் வழியாகத்தான் போகிறது. அது மடங்காமல், சிக்காமல் மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கீழிருந்து சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். மூச்சடக்கிக் கயிற்றில் இறங்கிய காலத்திலிருந்தே அந்த வேலை மச்சானுக்கு — மனைவியின் அண்ணனுக்கோ தம்பிக்கோதான். கூடப்பிறந்தவள் தாலி அறுவதை எவன் பார்த்துக்கொண்டு நிற்பான்?

அந்தோணிக்குப் பல வருடம் டியூப் பிடித்த மச்சான் துபாய்க்குப் போய்விட்டார். அந்த வயதுக்காரர்களின் மச்சான்மார் பலரும் அப்படித்தான், கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டார்கள்.

“இப்ப நாளுக்கொருத்தன் வாரான். ஒரு கையில டியூப்பு, மறு கையில செல்லு. கீழ கெடக்கவனுக்கு எப்படி டீச்சர் இருக்கும்? நீங்க அதத் திருத்தி எழுதித் தாங்க. எனக்குத் தெரிஞ்ச தொழிலு இது ஒண்ணுதான்.”

அவர் போனதும் பழைய படிவங்களைத் தேடி எடுத்தேன். அந்தோணியின் தாள் கிடைத்தது. பயத்துக்குப் போட்ட மதிப்பெண் அதிகம்தான். ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘மச்சானைப் பற்றியே பேசுகிறார். தேவையற்றது.’

தேவையற்றது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வருடா வருடம் வகுப்பில் ஓர் உதாரணம் சொல்வேன். குடை பிடிப்பவர்கள் அதிகமாகும் நாட்களில் சளியும் அதிகமாகிறது — அப்படியானால் குடைதான் சளியைக் கொண்டுவருகிறதா? பிள்ளைகள் சிரிப்பார்கள். கணக்கில் சேராமல் பின்னால் நிற்கும் மழைதான் காரணம், ஒளிந்திருக்கும் மாறியைக் கண்டுபிடியுங்கள் என்பேன். மழை அபூர்வமான தூத்துக்குடியில் இருந்துகொண்டு இந்த உபதேசம்! ஒளிந்திருந்த மாறி என் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசியபோது, எனக்கு அடுத்த கேள்விக்குப் போகும் அவசரம்.

நிறுவனத்துக்கு போன் செய்தேன். இளம் குரல் ஒன்று பணிவாகப் பேசியது. “டேட்டா கலெக்‌ஷன் முடிஞ்சிருச்சு மேடம். இனிமே புது வேரியபிள் சேர்க்க முடியாது.”

மனிதர் பிழைப்பு போகிறது என்றேன். “அடுத்த ஸ்டடில பாக்கலாம் மேடம்.”

சனிக்கிழமை அந்தோணியின் சம்மாட்டியைப் பார்க்கக் கடற்கரைக்கே போனேன். அந்த அறிக்கை தப்பு, எழுதிய நானே சொல்கிறேன் என்றேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

“படிச்சவிய எழுதுனது எப்படித் தப்பாவும் டீச்சர்? ஆபீஸ் சீல் போட்டுல்லா வந்திருக்கு.”

அப்போது அவருடைய படகு கரைக்கு வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட முதலில் குதித்தவன் ஜெரால்டு, அந்தோணியின் தங்கை கணவன். இருபத்தாறு வயது. பின்னால் அந்தோணி. அவர் சட்டை நனையவில்லை. இப்போது அவரை டியூப் பிடிக்க நிறுத்தியிருக்கிறார்கள்.

“கீழ பயமா இல்லையா தம்பி?” என்று ஜெரால்டிடம் கேட்டேன்.

“எனக்கென்ன பயம் டீச்சர்? மேல மச்சான்லா நிக்காவ.”

சம்மாட்டி என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

“பாத்தியளா? எள வயசு. நீங்க எழுதுனது சரியாத்தான இருக்கு?”

அந்தோணி என்னைப் பார்க்கவில்லை. டியூப்பைச் சிக்கில்லாமல் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, அந்தோணியின் தாளில் ‘தேவையற்றது’ என்பதை அடித்துவிட்டு ‘தேவை’ என்று எழுதினேன் — இனி யாருக்குத் தேவை?