மண்ணெண்ணெய்க் காரும் மின்கலக் காரும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில், பொழுது சாய்ந்ததும் மனிதருக்கு முன்பாகக் காருக்கு உணவிடுகிறார்கள். மருமகன் கந்தோர் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றுமுன் கீழ்த்தளச் சுவரிலிருந்து ஒரு தடித்த வயரை இழுத்துக் காரில் பொருத்துகிறார். மேலே வந்ததும் என் மகள் கேட்கும் முதற் கேள்வி, “காரைப் போட்டாச்சோ?” என்பதே. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக்குக் கார் ஓட்டிய எனக்கு, எஞ்சின் ஓசையின்றி வந்து நிற்கும் அவ்வாகனம் வீட்டுக்குள் வந்தும் வாய்திறவாத விருந்தாளியைப் போலவே இன்றுவரை தோன்றுகிறது.

அதனை வாங்கியது என் மனைவி மகேஸ்வரிக்காக. அவளுக்கு நெஞ்சிலே இழுப்பு நோய். புகை ஆகாது என்றார்கள் மருத்துவர்கள். “இதில புகையே இல்லை, மாமா” என்று மருமகன் முதல்நாள் பெருமையுடன் சொன்னார். “புகை புத்தளத்தில கிடக்குது, தம்பி. அங்க நிலக்கரி எரிச்சுத்தானே உமக்குக் கரண்ட் வருது” என்றேன். அவரும் விடவில்லை. “மண்ணெண்ணெயில கார் ஓடின நீங்களோ எனக்குச் சூழலைப் பற்றிப் படிப்பிக்கிறியள்?” மகேஸ்வரி சிரித்த சிரிப்பு இருமலில் முடிந்தது. எனினும் என் ஐயம் தீரவில்லை. எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் பழைய மின்கலக் காரொன்றை வாங்கி, மின்கலம் தேய்ந்து, பக்கத்திலுள்ள கல்கிசைக்குப் போய்த் திரும்புவதற்கே அஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தக் கனத்த மின்கலம் நாளை எந்த மண்ணில் புதைபடும் என்று கேட்டால் ஒருவரிடமும் விடை இல்லை.

மருமகன் கூறியது மெய்தான். போர்நாளில், பெட்ரோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலிற் சேமித்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெண்புகை, வேலிகளுக்கு இடையே ஓடும் எங்கள் ஒழுங்கை முழுவதும் மிதக்கும். அப்போத்தலைச் சிந்தாமல் பிடித்தபடி முன்னாசனத்தில் இருப்பவள் மகேஸ்வரி. திருமணமான புதிதில், கோயிலுக்கு உடுத்த கூறைச்சேலையிலும் அந்த மணம் ஏறியிருந்தது. எண்ணெய் தீர்ந்து வழியில் நின்றால், முன்பின் அறியாத வீட்டார் தம் விளக்கிலிருந்ததை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றித் தருவார்கள். மின்சாரத்தை அவ்வாறு போத்தலில் கடன் கொடுக்க இயலாது என்பதை இங்குள்ளோருக்கு நான் எவ்வாறு விளக்குவேன்?

சென்ற மழைக்காலத்தில், மருமகன் விடுமுறையில் நின்ற ஒருநாள் பிற்பகலில் மின்சாரம் நின்றது. கட்டடத்தின் டீசல் ஜெனரேட்டர் முழங்கத் தொடங்கியது. அதன் கரும்புகை சுவரோரமாக எழுந்து எங்கள் அறை யன்னலுக்குள் நுழைந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். மருமகனின் கார் வயருடன் நின்றது. புகை மேலே வருகிறது என்று காவலாளியிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் கையசைத்து முறையிட்டேன். அவரோ கார் மின்னேறவில்லையென நான் வருந்துவதாகக் கொண்டு, என் தோளைத் தட்டி, “பய வெண்ட எப்பா அங்கிள், சார்ஜ் வெனவா” என்றார். அஞ்ச வேண்டாம், மின் ஏறுகிறதாம். டீசலை எரித்துப் புகையில்லாக் காருக்கு ஊட்டும் அக்காட்சியைக் கண்டு நகைக்க வாயெடுத்தபோது, மேலிருந்து மகளின் குரல் கேட்டது. “அப்பா! அம்மாக்கு மூச்சு ஏலாமக் கிடக்கு!”

அந்தக் காரிலேயே மகேஸ்வரியை ஏற்றிக்கொண்டு, மருமகன் ஓட்ட, மருத்துவமனைக்கு விரைந்தோம். அது தடங்கலின்றி ஓடியது. அதை மறைத்தல் தகாது. ஆனால் அந்த மௌனத்தில், அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சும் என் காதில் விழுந்தது. என் பழைய காராக இருந்திருப்பின் எஞ்சின் முழக்கம் அதனை மறைத்திருக்கும்.

மூச்சுத் தெளிந்தபின் இளம் பெண் மருத்துவர் ஒருவர் தமிழில் விசாரித்தார். “முந்தி மண்ணெண்ணெய் அடுப்பு பாவிச்சனீங்களோ, அம்மா?”

“அடுப்பு விறகு, பிள்ளை. மண்ணெண்ணெய் காருக்கு.”

மருத்துவர் என்னைக் கலக்கத்துடன் நோக்கினார். பின்னர் அவளிடம் குனிந்து, “இண்டைக்கு என்ன கிழமை எண்டு சொல்லுங்கோ பாப்பம்?” என்றார்.

“வியாழன்” என்றாள் மகேஸ்வரி. “எனக்கு அறளை பெயரேல்லை, புத்தி தெளிவாத்தான் கிடக்கு. கார் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. இவரைக் கேளுங்கோ.”

“ஓம்” என்றேன். எனக்கு வாசனையாக இருந்தது எதுவோ, அது அவள் நெஞ்சிற் படிந்திருக்கலாம். அது அவ்வாறுதானா என்று மருத்துவராலும் உறுதிகூற இயலவில்லை.

வீடு திரும்பும்போது, காலி வீதி எனும் பெருந்தெருவில், தேய்ந்த முச்சக்கர வண்டியொன்று புகை கக்கியபடி எம்மை முந்தியது. மகேஸ்வரி கண்ணாடியை இறக்கினாள். நான் எட்டி ஏற்றினேன். அவள் மீண்டும் இறக்கினாள்.

“இஞ்சருங்கோ, கொஞ்சம் விடுங்கோ. எங்கட ஒழுங்கை மணக்குது.”

அதனைப் பாதியில் நிறுத்தினேன். அப்பாதிக் கண்ணாடிக்கு மேலாக வந்த காற்றை அவள் கண்மூடி முகர்ந்தாள். நான் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெயில் கார் ஓடியதென்றால் நம்புவோர் இங்கு அருகி வருகின்றனர். ஆதலால் இவ்வெழுத்தை எறியாது வைத்திருக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.