செலவு எங்கே?

மஞ்சள் மூடி போட்ட நீல நிறத் தண்ணீர்க் குப்பி. பக்கத்தில் ஒட்டியிருந்த பூனைப் படம் உரிந்துபோய் வால் மட்டும் மிச்சம் இருந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த என் அச்சகத்துக்கு ஒரு மத்தியானம் மதனி வந்து, மேஜைமேல் கிடந்த கல்யாணக் கார்டுகளை ஒதுக்கிவிட்டு அதை வைத்தார். வைத்த சத்தத்திலேயே அது நிறைந்திருப்பது தெரிந்தது. “தூக்கிப் பாருங்க தம்பி. நேத்து காலம்பற நான் நிறைச்சுக் குடுத்துவிட்ட வெள்ளம். ஒரு மடக்கு குறையல்ல. நேத்து மட்டுமில்ல கேட்டியளா, இந்த மாசம் முழுக்க இப்படித்தான் திரும்பி வருது” என்றார். நான் தூக்கிப் பார்த்தேன். “உங்க வீட்டு வெள்ளம் பிள்ளைக்குப் பிடிக்கல்ல போல மதனி” என்றேன். மதனி சிரித்துவிட்டார். நான் என்ன சொன்னாலும் சிரித்துவிடுகிற மனுஷி அவர். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் வெட்கப்பட வேண்டியதெல்லாம் அந்தச் சிரிப்பில்தான் போய் முடிகிறது.

மதனி என்றால் என் அண்ணன் மனைவி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். அண்ணன் வளைகுடாவில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு மாசம் வருவான். அவர்களுடைய ஒரே மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து இங்கே கடை போட்டவர்களும் கணக்கெழுதியவர்களும் சேர்ந்து என்றைக்கோ தொடங்கிய சபை அது. பள்ளிக்கூடம் ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில். தமிழ் கற்றுத்தருகிற பள்ளி என்று எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையில் பெண் பிள்ளைகளுக்கு இரண்டே இரண்டு கழிப்பறை. ஒன்று பூட்டியே கிடக்கும். இன்னொன்றின் கதவுக்குக் கொண்டி கிடையாது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயில் காற்றுதான் வரும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூத்திரம் போகும்போது எரிகிறது என்று அழுதாள். டாக்டர் நிறைய வெள்ளம் குடிக்கச் சொன்னார். “ஸ்கூல்ல ஏன் மக்களே குடிக்கமாட்டங்க?” என்று மதனி மகளைக் கேட்டபோது அவள் சொன்னாளாம்: “குடிச்சா வரும்லா அம்மா.” எட்டு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழி. காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரை குடிக்காமல் இருந்தால் போகவே வேண்டாம். மற்ற அம்மாமாரைக் கேட்டால், எல்லார் வீட்டுக் குப்பியும் அப்படித்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. இவர்கள் யாரும் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை, சாயங்காலம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கழுவி வைத்துவிடுவார்கள்.

ஆனால் கழிப்பறை கட்டத்தான் மூன்று வருஷமாக எல்லாரும் கட்டிட நிதி என்று ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். ரசீது மதனியிடம் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டுபோய் ஆபீஸில் காட்டியபோது, “அதெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கு, குழப்பமில்ல” என்று பதில் வந்தது. எங்கே நடக்கிறது என்று பார்த்தால், வாசலில் பெரிய வளைவு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் நிர்வாகக் குழுவினர் பெயரெல்லாம் கருங்கல்லில். வளைவுக்கு எந்தக் காசு, கழிப்பறைக் காசு எங்கே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த வருஷம் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல். பொருளாளர் இடத்துக்குத் தானே நிற்பதென்று மதனி தீர்மானித்தார். “கணக்குப் புஸ்தகம் கையில வந்தாத்தான் தம்பி கேக்க முடியும். வெளிய நின்னு கேட்டா பொம்பளை வழக்குப் பேசுகான்னு சொல்லுவாங்க” என்றார். இரண்டு வாரத்தில் பதினோரு அம்மாமாரைச் சேர்த்துவிட்டார். வீடு வீடாகப் போனார்கள். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “உங்களைப் பேசச் சொல்லல்ல. என் பேரைச் சொல்லும்போ கை தூக்குங்க. நீங்க தூக்கினா இன்னும் இருபது பேர் தூக்குவாங்க.” இது என்ன பெரிய காரியம் மதனி என்று நான் சொன்னேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் தூக்கினால் இருபது பேர் தூக்குவார்கள் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. சபையில் எந்தக் கூட்டமென்றாலும் மைக் என் கையில்தான் இருக்கும். ஆண்டுவிழா, பாராட்டுக் கூட்டம், இரங்கல் கூட்டம்கூட. இரங்கல் கூட்டத்திலும் இரண்டு இடத்தில் சிரிக்க வைத்துவிடுவேன் என்று எனக்கொரு பேர். அது மட்டுமில்லை. பள்ளிக்கூடத்தின் டைரி, மார்க் கார்டு, கேள்வித்தாள் எல்லாம் என் அச்சகத்தில்தான் அடித்தார்கள். வருஷ வருமானத்தில் பாதி அதிலிருந்து வந்தது. மதனிக்கு வாக்குக் கொடுத்தபோது இது எனக்கு ஞாபகத்தில் இல்லை என்று சொன்னால் அது பொய்.

மதனியின் தேர்தல் நோட்டீஸை நான்தான் இலவசமாக அடித்துக் கொடுத்தேன். மதனி எழுதிக்கொண்டு வந்த தலைப்பு ‘செலவு எங்கே?’ கட்டிட நிதியின் வரவு தெரிகிறது, செலவு எங்கே என்று நான்கு வரி, கீழே பதினோரு கையெழுத்து. இளம் பெற்றோரில் பலருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் பின்பக்கம் மலையாளத்திலும் வேண்டும் என்றார். மலையாளத்தில் அடித்தபோது அது ‘செலவு எவிடே?’ என்றாயிற்று. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவனுக்கு வேலை கிடைத்தாலோ வீட்டில் குழந்தை பிறந்தாலோ கூட்டாளிகள் முதலில் கேட்பது ‘செலவு எவிடே?’ என்றுதான். விருந்து எங்கே என்று அர்த்தம். இருபது வருஷமாக இரண்டு மொழியிலும் அச்சடிக்கிறவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா? பட்டது. ‘கணக்கு எவிடே’ என்று மாற்றிவிடலாம் மதனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நான் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இதை வைத்து நல்ல வேடிக்கை ஒன்று பண்ணலாமே என்று மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்நூறு பிரதி ஓட்டிக் கட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

எங்கள் பொதுக்குழு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். அதில் ஒரு வழக்கம் உண்டு. வரவேற்பு, வாழ்த்து, பொன்னாடை எல்லாம் முடிந்து, சரியாக இலை போடுகிற நேரத்துக்குத்தான் கணக்கு வரும். மேடைக்குப் பின்னால் சாம்பார் கொதிக்கிற வாசனை வரும்போது செயலாளர் எழுந்து, “வரவு செலவு அச்சடிச்சுத் தந்தாச்சு. வாசிச்சதா வச்சு பாஸாக்கலாமில்லியா?” என்பார். “பாஸ், பாஸ்” என்று சத்தம் வரும். உடனே நாற்காலிகள் இழுபடும். எத்தனையோ வருஷம் நானே மைக்கில் “பாஸ்” சொல்லிவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்குச் செயலாளர் அப்படிக் கேட்டதும் மதனி எழுந்தார். பச்சைக் கரை போட்ட செட்டுமுண்டு உடுத்தியிருந்தார், கையில் நோட்டீஸ். பின்னாலேயே பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். “பாஸாக்கறதுக்கு முன்னே ஒண்ணு கேக்கணும். பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டன்னு மூணு வருஷமா வாங்கின பைசா. எங்க பிள்ளைக ஸ்கூல்ல வெள்ளம் குடிக்கமாட்டங்கு. செலவு எங்கேன்னு வாசிச்சுச் சொல்லுங்க.” நிறுத்தாமல் சொல்லிவிட்டார். ஹாலில் பேச்சு நின்றுபோயிற்று. எழுந்த சிலர் திரும்பி உட்கார்ந்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “வாசிக்கட்டுமே, அதிலென்ன” என்றார். செயலாளர் முன்னாலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, கண் காட்டவில்லை. கரண்ட் போனால் எலக்ட்ரீஷியனைத் தேடுவார்களே, அப்படித்தான் பார்த்தார்.

மைக் என் கையில் இருந்தது. யோசிக்கவே இல்லை. “செலவு எவிடேன்னா கேக்கிறீங்க மதனி? பின்னாடி இலை போட்டாச்சு, அடப்பிரதமன் உண்டு, வாங்க!” என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. என்னுடைய இத்தனை வருஷ மைக் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. செயலாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நோட்டீஸைக் கையில் வைத்திருந்தவர்கள் மலையாளப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே எங்கிருந்தோ “பாஸ்” என்று குரல் வந்தது. பதினோரு பேரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள், அடுத்தவளும் உட்கார்ந்தாள். நான் மதனியைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற பழக்கம், வாய் தன்னால் விரிந்துவிட்டது. என்ன நடந்ததென்று அது விரிந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்த முகம் சிரிப்பிலிருந்து மெல்ல இறங்கியதைக் கடைசிவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தேர்தல். கை தூக்கித்தான் எண்ணுவது வழக்கம். மதனி பேரை நான்தான் வாசித்தேன். ஏழு கை உயர்ந்தது. அந்தப் பெரியவரின் கையும் அதில் ஒன்று. என் ஒரு கையில் மைக், ஒரு கையில் எண்ணிக்கை எழுதுகிற நோட்டு. கை ஒழிவில்லாமல் போயிற்று என்று வெகுநாள் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். நோட்டைக் கீழே வைக்க எவ்வளவு நேரமாகும்? ஏழு என்று எழுதினேன், எதிராளிக்கு எத்தனை என்று எண்ணக்கூட அவசியமிருக்கவில்லை. மதனி முன்பே பந்தியிலும் உட்காரவில்லை. தேர்தல் முடிந்து, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நான் கடந்துபோகையில், “எல்லாரையும் நல்லா சிரிக்க வச்சிட்டிய தம்பி” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

கட்டிட நிதி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே நான் அவ்வளவு பாடுபட்டேன். யாராவது தின்றார்களா, வளைவுக்குள் போயிற்றா, வெறும் அசட்டையா, எதுவும் தெரியாமல் யாரையும் திருடன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அடுத்த வருஷ டைரி ஆர்டர் வழக்கம்போல எனக்கே வந்தது. ஐம்பது பிரதி கூடுதலாக. கழிப்பறையும் கட்டினார்கள், நான்கு வருஷம் கழித்து. திறப்பு விழாவுக்கு மைக் பிடித்தவன் நான்தான். அதற்குள் மதனி மகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அந்த இடைக்காலத்தில் பிள்ளை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாள். இரண்டு தடவையும் நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

மதனி என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுவார், பரிமாறுவார், அண்ணன் போன் பண்ணினால் என்னிடம் தருவார். நான் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் மட்டும், “அப்படியா தம்பி” என்பார். பல தடவை மன்னிப்புக் கேட்க நினைத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் எனக்கு வேடிக்கைதான் வருகிறது. வேறு பாஷை நான் பழகவில்லை.

போன மாதம் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேரப் புறப்பட்டாள். வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு மதனியும் நானும் போயிருந்தோம். பகல் வண்டி, நல்ல வெயில். நான் கடையில் ஒரு குப்பி வெள்ளம் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகரப்போகிற நேரத்தில் கம்பி இடுக்கு வழியாக அதைத் திரும்ப நீட்டினாள். “வேண்டாம் சித்தப்பா. வெளியே இறங்கினா நான் வெள்ளம் குடிக்க மாட்டேன். பண்டே அப்படித்தான், ஸ்கூல்ல இருந்தே பழகிச் சீலமாயிப்போச்சு” என்று சிரித்தாள். அம்மாவுடைய சிரிப்பு, அப்படியே.

வண்டி போய்விட்டது. மூடிகூடத் திறக்காத குப்பியோடு நான் நின்றேன். “அன்னைக்கு நான் கை தூக்கியிருக்கணும் மதனி” என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியம் இத்தனை வருஷமாக எங்கே கிடந்ததோ தெரியவில்லை. மதனி என் கையிலிருந்து குப்பியை வாங்கினார். அன்றைக்கு என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னதுபோல, தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டு, “ஆமா தம்பி, தூக்கியிருக்கணும்” என்று சொல்லி வாசலைப் பார்த்து நடந்தார்.