கேக்குற சரி

எனக்கு இங்கிலீஷ் யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து நானாகப் பிடித்துக்கொண்டதுதான். ஆனால் வாய் மட்டும் ஓயாது. தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் இருந்த ப்ரௌசிங் சென்டரில் எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு வாய்தான் காரணம்.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நம்மூர்ப் பெண் ஒருத்தி, வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி இன்டர்நெட்டில் சர்வே நடத்தினாள். கேள்வியெல்லாம் இங்கிலீஷ். நான் ஆட்களைக் கூட்டி வந்து, தமிழில் சொல்லி, அவர்கள் சொல்வதை டைப் அடிக்க வேண்டும்.

முதல் பக்கம் முழுக்கச் சம்மதம் கேட்பதுதான். எதற்காகக் கேட்கிறோம், பதில் எங்கே போகும், யார் படிப்பார்கள் என்று நீளமாக எழுதியிருக்கும். அடியில் ஒரு சின்னக் கட்டம். புரிந்து சம்மதித்தால் அதில் டிக். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்றும் ஒரு வரி. அதை நான், "பாதியில எழுந்து போகலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருத்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "என்னடி இது, இலைல உக்கார வெச்சுட்டு எழுந்து போங்கறே?"

நொச்சிக்குப்பத்திலிருந்து எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அக்கா ஒருத்தி. வியாபாரம் முடிந்து போகிற வழியில் அவளையும் மடக்கினேன். சென்டர் நடத்திய மாமா வாசலிலேயே மறித்தார். "கூடைய வெளிலயே வெச்சுட்டு வரச் சொல்லும்மா. ஏசி ஒரு வாரத்துக்கு அதையே சுத்திச் சுத்தி வீசும்."

"வீசினா சோத்த மட்டும் போட்டுத் துண்ணு மாமா, கொழம்பு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்தைச் சொன்னேன். வரிக்கு வரி "சரி" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டிக் போட்டேன். 'இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்?' என்ற கேள்வியில் அக்கா நிறுத்தாமல் பேசினாள். புருஷன் கேரளாவில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போயிருப்பதாகக் குப்பத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் அவன் அசோக் நகரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். குரல் இறங்கிற்று. நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் அடித்தேன், அனுப்பினேன். 'நன்றி. உங்கள் வார்த்தைகள் புத்தகத்தில் வரக்கூடும்' என்று வந்ததைப் படித்தும் காட்டினேன்.

"புக்குலயா? எதும்மா?"

"நீங்க சொன்னதுதான் அக்கா. முதல்லயே சொன்னேனே, சரின்னீங்களே?"

"அது நீ பேசிக்கினு கீறப்ப 'உம்' கொட்டிக் கேக்குற சரிம்மா! குடுக்குற சரியா அது? நான் உன்னாண்ட சொன்னேன். இந்தப் பொட்டியாண்டயா சொன்னேன்?"

"பேரு போடமாட்டாங்க அக்கா."

"குப்பத்துல மீன் விக்கிறவ, ரெண்டு பொண்ணு, புருசன் அசோக் நகர்ல கீறான். இதுக்கு மேல பேரு எதுக்கு? பெரியவள காசிமேட்டுலேர்ந்து பொண்ணு கேட்டுக்கினு கீறாங்க. கல்யாணம் முடியட்டும், நானே என் வாயால சொல்லிக்கிறேன். அதுக்குள்ள இது எவன் கண்ணுலயாவது பட்டுச்சுன்னா?"

கதவோரமாகப் போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாடிக்கைக்காரிகள் விலையைக் கேட்டு, மீனைப் புரட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்து, "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வாங்காமல் போவதைத் தினமும் பார்க்கிறவள் அவள். நானே எத்தனை நாள் அப்படிப் போயிருக்கிறேன்! எனக்குப் புரியாமல் போயிற்றே.

பக்கத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். போன பதில் திரும்பி வரவில்லை. ஆராய்ச்சிக்காரிக்கு ஈமெயில் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவர் சம்மதிக்கவில்லை, நான்தான் டிக் போட்டேன், தப்பு என்னுடையது, அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் அக்கா மீனோடு வந்தாள், ஆனால் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. அழித்தாயிற்று, இனிமேல் எல்லோரிடமும் எப்படிக் கேட்பாய் என்பதை எழுதி அனுப்பு என்றிருந்தது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நெசமா அழிச்சிட்டாளா?"

"அழிச்சிட்டா அக்கா."

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். நீ சுமாரா இரு" என்றாள். ஒரு கை சங்கரா மீனை அள்ளிப் போட்டாள்.

அதன் பிறகு நான் யாரிடமும் "சரியா?" என்று கேட்பதை விட்டேன். "இது எங்க போகுதுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். அவர்கள் தங்கள் வாயால் சொன்ன பிறகுதான் டிக். பாட்டு மாமி மட்டும், "பரீட்சை வைக்கறயாடி?" என்று சிரித்தாள்.

நாலைந்து மாதம் கழித்து, அக்கா மஞ்சள் தடவிய பத்திரிகையோடு சென்டருக்கே வந்தாள். கூடை இல்லை, புதுப்புடவை. மாமாவே எழுந்து நாற்காலி போட்டார்.

"பெரியவளுக்குக் கல்யாணம். வந்துரணும்."

"சரி அக்கா" என்றேன்.

பத்திரிகையைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னா சரி இது? கேக்குற சரியா, குடுக்குற சரியா?"