பட்டுப்போகாத பூவரசங்கன்றுகள்

எங்கள் கம்பெனிக்கு வருடத்துக்கு ஒரு நாள் மரங்களின் மேல் அன்பு பொங்கும். ஜூன் மாதம், சுற்றுச்சூழல் தினத்தன்று. காலை பத்து மணிக்குப் பொங்கினால் பதினொன்றரைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் காரைக்கால் வெயிலில் யாருக்கும் எதன் மேலும் அன்பு வராது. ஆள் சேர்க்கும் பிரிவில் நிம்மதியாக இருந்த என் தலையில் இந்த வேலையையும் கட்டினார்கள். நான் தருமபுரத்துக்காரி, உள்ளூர்ப் பெண், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

முதல் மூன்று வருடமும் மண்டபத்தூர் போகும் சாலையோரத்தில் நட்டோம். மேலாளர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், படம் எடுப்போம், பப்ஸ் சாப்பிடுவோம், கிளம்புவோம். மீதியை ஆடுகள் பார்த்துக்கொள்ளும். அடுத்த வருடம் போனால் குழி மட்டும் இருக்கும். புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

நான்காம் வருடம் சென்னைத் தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. இனி மாதாமாதம் ஒவ்வொரு கன்றையும் படமெடுத்து, அது நிற்கும் இடத்தின் குறியீட்டோடு அனுப்ப வேண்டுமாம். அதாவது, கன்று உயிரோடு இருக்க வேண்டும். நல்ல இடமாகப் பார்க்கலாமென்று மே மாதத்தில் மண்டபத்தூர் கடற்கரைக்குப் போனேன். சாலைக்கும் படகுகளுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு, ஒரு ஈ காக்கை இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டேன். கொடுத்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் சரி என்றுவிட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஆண்கள் சும்மாதான் இருந்தார்கள், அவர்களே வந்து குழியும் வெட்டிக் கொடுத்தார்கள். மக்கள் பங்களிப்பு பற்றிச் சென்னைக்கு உருக்கமாக இரண்டு பத்தி எழுதினேன்.

தண்ணீர் ஊற்ற, திட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காவைச் சம்பளத்துக்கு அமர்த்தினோம். மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்பவர். ஒல்லியாக இருப்பார், பேச்சு மட்டும் கனமாக இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றே கூப்பிட்டார். அந்த மேடத்தில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கிண்டல் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நட்ட மறுநாளே நாங்கள் கொடுத்த உர மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு குழியிலும் மீன் தலையும் குடலும் புதைத்தார். நாய்கள் வந்து தோண்டின. சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். முள்ளுக்கு ஆடும் கிட்டே வரவில்லை. இரண்டு வேளையும் குடத்தில் தண்ணீர். பூவரசங்கன்றுகள் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. சென்னையில் எங்கள் படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம். வீட்டில் அதை நான்கு முறை சொன்னேன்.

தடைக்காலம் முடிந்து படம் எடுக்கப் போன அன்றுதான் எனக்கு உறைத்தது. திட்டு முழுக்க நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மீன் காயப்போடும் வலையை, கன்றுகளுக்கு நடுவே இடம் போதாமல், பெண்கள் மடித்தும் சுருட்டியும் விரித்திருந்தார்கள். அது வெறும் மணல் இல்லை, அந்த ஊர்ப் பெண்களின் கருவாட்டுக் களம். தடைக்காலத்தில் நாட்டுப்படகில் வரும் மீன் குழம்புக்கே சரியாகிவிடும், காயவைக்க மிஞ்சாது. நான் வந்து பார்த்த மே மாதம் அப்படிப்பட்ட மாதம். பிறந்ததிலிருந்து கருவாடு தின்கிறேன். அது எங்கே காய்கிறதென்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. உள்ளூர்க்காரியாம்.

பிறகு ஏன் ஒத்துக்கொண்டார்கள்? அது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பூவரசுகள் ஆள் உயரம் தாண்டிக் குடை விரித்துவிட்டன. கருவாட்டுக்கு நிழல் ஆகாது. கிளையில் உட்காரக் காக்கைகளுக்கும் வசதியாகிவிட்டது, பெண்கள் கம்பும் கையுமாக அலைந்தார்கள். பஞ்சாயத்தில் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பெரியவர் ஒருவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"வருசா வருசம் வெக்கிறீங்க, வருசா வருசம் பட்டுப்போயிடுது. அந்த நம்பிக்கையிலதாங்க சம்மதிச்சோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. திட்டில் சாலையை ஒட்டி நிற்கும் வரிசை இருக்கட்டும், களத்துக்குள் இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான பேச்சு. சென்னைக்கு எழுதினேன். மரங்கள் நிற்கும் இடம் பதிவாகிவிட்டது, ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று பதில் வந்தது. வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. இதோ கேட்கிறேன், அதோ கேட்கிறேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன்.

அந்த ஒரு மாதத்தில் பட்டதெல்லாம் அக்காதான். அவர் வளர்த்த மரம் அல்லவா? உடன் கருவாடு போடும் பெண்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். மீன் ஏலத்தில் பங்கு போட்டு வாங்கும்போது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த நாத்தனாரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மாதப் படம் எடுக்கும்போது மரத்துக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் சிரியுங்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மழை மூட்டத்தோடு இரண்டு நாள் போனதில், நிழலில் கிடந்த நெத்திலி ஈரம் வாங்கி நாற்றமெடுத்துவிட்டது. நான்கைந்து வீட்டுச் சரக்கு. மறுநாள் காலையில் அக்கா வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போனபோது அவர் கையில் அரிவாள் இருந்தது, இரண்டு மரம் சாய்ந்திருந்தது. மற்ற பெண்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி உதவிக்கு வந்தபோது அவர் விடவில்லை.

"வளத்தது நானு. வேற யாரும் கை வெக்க வேணாம்."

ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் ஒரு நொடி நிற்பார், அடிமரத்தைத் தடவுவார், வெட்டுவார். களத்துக்குள் இருந்த எல்லாவற்றையும் உச்சி வெயிலுக்குள் முடித்துவிட்டார். சாலையோர வரிசையைத் தொடவில்லை. கடைசி மரம் சாய்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்துக்காகவா, சென்னைக்கு என்ன சொல்வேன் என்றா, எனக்கே தெரியவில்லை. தேம்பி அழுதேன்.

அக்கா அரிவாளை மணலில் குத்திவிட்டு என் பக்கத்தில் வந்து, முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தபடி, கோபமே இல்லாமல் கேட்டார்:

"ஏன் மேடம் அழுவுறீங்க? ஒரு கொடம் தண்ணி ஊத்துனீங்களா?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வெட்டிய கிளை ஒன்றின் நுனியை என் பக்கம் தள்ளினார். அவர் அடியைப் பிடித்தார், நான் நுனியைப் பிடித்தேன், சாலை வரை இழுத்துக்கொண்டு போனோம். நாங்கள் திரும்பி வருவதற்குள், அவருடைய நாத்தனார் அக்காவின் வலையையும் சேர்த்து விரித்துக்கொண்டிருந்தார்.