உறவு என்ற கட்டமும் கீழ் அறைத் தேங்காயும்

வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிற தொழிலில் சமையலைவிட எழுத்துவேலைதான் அதிகம். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்தே எனக்கு வெப்ராளமாக, ஒரே படபடப்பாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு சட்டத்தை மாற்றிச் சொல்லி, அதை நம்பி யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதனால் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஏதாவது ஒரு ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்று, தாளைத் தலைகீழாக நீட்டி வியர்த்தவர்கள் நீங்கள் என்றால், நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான்.

என் வீடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறது. கணவர் ஓமானில். மாடியில் இரண்டு அறை, கீழே வாசலை ஒட்டி ஒரு அறை. அந்தக் கீழ் அறையை மறந்துவிடாதீர்கள்.

நானே போட்ட கோடு

வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் ஒரு நாளுக்குள் ‘சி ஃபாரம்’ என்று ஒன்றை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெண் அதைச் செய்து தந்துவிடுவாள். இது போக வீட்டில் ஒரு ரெஜிஸ்டர் வேண்டும். நீளமான நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டேன். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், அறை. ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் கிடந்தது. வெறுமனே விட்டால் போலீஸ் ஏதாவது கேட்பார்களோ என்று ‘உறவு’ என்று எழுதி அதையும் ஒரு கட்டமாக்கினேன்.

முதலில் வந்தது ஒரு இத்தாலிக்காரரும் ஒரு பிரேசில்காரியும். இரண்டு நாடு, இரண்டு பாஸ்போர்ட், இரண்டு குடும்பப் பெயர், ஒரே பெட்டி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “மேரேஜ்?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்கள். எத்தனை காலமாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு பதினொரு வருடம் என்றார்கள். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கணவர் லீவில் வந்த நாட்களைக் கூட்டினால் நாங்கள் சேர்ந்திருந்தது அவர்களைவிடக் குறைவு. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஏன் இன்னும் கல்யாணம் செய்யவில்லை என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள்: “கல்யாணத்துக்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள் லீவு ரெண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கவே இல்லை.”

கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதினேன்.

பெயர் சிரி

சிரி நார்வே நாட்டுக்காரி. பழைய மரவீடுகளை அளந்து படம் வரைகிற படிப்பு. ஆராய்ச்சி விசாவில், பத்து மாதம் தங்குவதற்கு வந்தாள். கூட வந்தவன் பெயர் பிஷ்ணு. காத்மாண்டுவில் மரச்சிற்ப வேலை செய்தவன். அங்கே மரக்கோயில்களை அளக்கப் போன இடத்தில் இவளுக்குப் பழக்கம். வந்து இறங்கிய உடனே இரண்டு பேரும் தங்கள் பைகளை மாடியில் ஒரே அறைக்குக் கொண்டுபோனார்கள்.

அதிக நாள் தங்குகிறவள் என்பதால் அவளுக்கு இருப்பிட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்காக விசாரிக்க ஏட்டையா வந்தார். பெயர் என்ன என்றார். “சிரி” என்றேன். பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்து, “எதுக்கு?” என்றார். “பேரே அதுதான் சார்” என்றேன். பிஷ்ணுவைப் பற்றிக் கேட்டபோது, நேபாளத்துக்காரனுக்கு விசாவும் வேண்டாம், சி ஃபாரமும் வேண்டாம், ரெஜிஸ்டரில் எழுதினால் போதும் என்றார்.

அவர் போனதும் ரெஜிஸ்டரைத் திறந்தேன். அறை என்ற கட்டம், உறவு என்ற கட்டம். கணவர் ஊரில் இல்லாத வீட்டில், கல்யாணமாகாத இரண்டு பேரை ஒரே அறையில் வைத்திருக்கிறாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? கை தானாகவே எழுதியது. சிரி, மாடி அறை. பிஷ்ணு, கீழ் அறை. உறவு: மரம் அளக்க உதவி ஆள். மாதக் கடைசியில் ஏட்டையா அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாள் முழுக்க அளந்த களைப்போடு படியேறிப் போன சிரியைப் பார்த்துக் கேட்டார்: “சிரின்னு பேரு வச்சிட்டு இந்தப் பிள்ள ஒரு தடவகூட சிரிக்கல்லியே?”

நல்ல ரூமு

எதிர்வீட்டு ஞானம்மாவை மயினி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு வாசல் நடையில் உட்கார்ந்தால் எங்கள் கேட், கீழ் அறை ஜன்னல், மாடிப்படி மூன்றும் தெரியும். மயினி எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். நான் யாருக்குப் பயந்து அப்படி எழுதினேன் என்று கேட்டால், போலீஸ் பாதி, மயினி பாதி.

ஒரு வாரம் பொறுத்துக் கேட்டார்.

“ஏட்டி லீலா, அந்த நேபாளத்துக்காரன் ஆருட்டி?”

“உதவிக்கு வந்த ஆளு மயினி.”

“எங்க கெடக்கான்?”

“கீழ் ரூம்ல.”

மயினி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “கொள்ளாம், நல்ல ரூமு” என்றார்.

அவர்கள் நாட்டுச் சொல்

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. என்னிடம் பேச இரண்டு பேரும் கொஞ்சம் தமிழ் பழகிக்கொண்டார்கள். இவள் தாய்மொழி அவனுக்குத் தெரியாது, அவன் தாய்மொழி இவளுக்கு அரைகுறை. ஆனாலும் சண்டை மட்டும் சுத்தமாக நடக்கும். உருளைக்கிழங்கைத் தோலோடு அவிப்பதா, சீவி அவிப்பதா என்று ஒரு நாள் காலை முழுக்கச் சண்டை. சாயங்காலம் அவன் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க, அவள் மறு நுனியைப் பிடித்து என் வீட்டுக் கதவையே அளந்துகொண்டிருந்தார்கள்.

“பக்கத்துக் கோயிலில் ஒரு தாலியைக் கட்டினால் தீர்ந்ததே” என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். சிரியின் அப்பாவும் அம்மாவும்கூடக் கல்யாணம் செய்யாதவர்களாம், மூன்று பிள்ளைகளாம். அப்படிச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு அவர்கள் மொழியில் ‘சம்பூர்’ என்று ஒரு சொல் உண்டு, அரசாங்கத் தாளிலும் அப்படியே எழுதலாம் என்றாள். அதற்கு அர்த்தம் கேட்டேன். சேர்ந்து தாமசிக்கிறவர், அவ்வளவுதான். எங்கள் பக்கம் தாமசம் என்றால் குடியிருப்பது. யாரும் முகம் சுளிக்காத சொல். ஒரு அரசாங்கமே இதற்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. பிஷ்ணு என்னை தீதி என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் மொழியில் அக்கா. அவன் சொன்னான்: “எங்க ஊர்ல கல்யாணம்னா முந்நூறு பேரு வரணும், தீதி. இவ ஊர்ல மொத்தமே முந்நூறு பேரு இல்ல.”

ஃபோட்டோவில் வந்த பக்கம்

பத்து மாதம் முடிந்து அவள் நார்வேக்கும் அவன் காத்மாண்டுவுக்கும் போனார்கள். கொஞ்ச காலம் கழித்து சிரி வீடியோவில் கூப்பிட்டாள். அவளுடைய நாட்டில் கல்யாணமாகாத ஜோடிக்கும் சேர்ந்திருக்க அனுமதி தருவார்களாம். ஆனால் இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டுமாம். காத்மாண்டுவில் பதினான்கு மாதம் இருந்ததற்கு வாடகைப் பத்திரம் இருக்கிறது. மீதிப் பத்து மாதம் என் வீட்டில். பிஷ்ணுவுக்கு இந்தியாவில் விசாவும் இல்லை, ஃபாரமும் இல்லை. அவன் என் வீட்டில் இருந்தான் என்று சொல்வதற்கு உலகத்திலேயே ஒரு தாள்தான் உண்டு. “உங்க ரெஜிஸ்டர் பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க அக்கா” என்றாள்.

நோட்டு கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஃபோனை அரிசிப் பானையின் மேல் கவிழ்த்து வைத்தேன். அவள் அதை யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, திரும்பக் கூப்பிட்டபோது கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்: “அக்கா, இந்தத் தாளில் பிஷ்ணு எனக்கு யாருமே இல்லை.”

எங்கே போவதற்குத் தாமதம்

அடுத்த நாள் நான் ஒரு கடிதம் எழுதினேன். இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்று கம்ப்யூட்டர் கடைப் பெண் சொன்னாள். எனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். ‘சிரியும் பிஷ்ணுவும் என் வீட்டு மாடியில் ஒரே அறையில் பத்து மாதம் தாமசம்’ என்று தமிழில் எழுதினேன். ‘வாழ்ந்தார்கள்’ என்று எழுதப் பேனா வரவில்லை. தாமசம் என்றால் மரியாதையாக இருக்கிறது என்று நினைத்தேன்.

சிரி அதை மொழிபெயர்க்கச் சென்னையில் ஒருவருக்கு அனுப்பினாள். அவர் எனக்கு ஃபோன் செய்தார். நல்ல மனுஷன்தான், குழப்பத்தில் இருந்தார். “மேடம், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல பத்து மாசம் தாமதம்னு எழுதியிருக்கீங்களே, எங்க போறதுக்கு லேட்டு?”

யார் போடச் சொன்னது

பிறகு தெரிந்தது, வெறும் கடிதம் போதாது, நோட்டரி முன்னால் சத்தியப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அதில் ரெஜிஸ்டரில் எழுதியது பொய் என்றும் சேர்க்க வேண்டும். பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் மாடிக்கு வாங்கிய லைசென்ஸ் போய்விடாதா? கொடுக்காவிட்டால் அந்தப் பையனுக்கு வாழ்க்கை போகும். ஓமானுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீ எழுதினது, நீயே தீத்துக்கோ” என்றார் கணவர்.

ரெஜிஸ்டரைப் பைக்குள் வைத்து, பையை முந்தானைக்குள் மறைத்து ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர் பக்கத்தைப் புரட்டினார், விரலை ஓட்டினார். தப்பை அடித்துத் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். இனி அறையை மாற்றி எழுதினால் விடமாட்டேன் என்றும் சொன்னார். பிறகு ஓரக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இது என்னதும்மா, உறவு? எந்த ரெஜிஸ்டர்லயும் நான் இதப் பாத்ததே இல்லியே. ஆரு போடச் சொன்னா?”

சாட்சி

பத்திரத்துக்கு, அவர்களை அந்த வீட்டில் நேரில் பார்த்த ஒரு சாட்சி வேண்டும் என்றார் நோட்டரி வக்கீல். தெருவில் அப்படி ஒரே ஒரு ஆள்தான். யாருக்குத் தெரியக்கூடாது என்று எழுதினேனோ, அவரையே கூப்பிட வேண்டிய கதி. எதிர்வீட்டு நடையில் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். மயினி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். உள்ளே போய் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி.

இந்தத் தடவை பத்திரத்தில் ‘கணவன் மனைவியைப் போல ஒரே அறையில் சேர்ந்து வாழ்ந்தார்கள்’ என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால், அது அப்படியொன்றும் பயங்கரமான வாக்கியமாகத் தெரியவில்லை. வக்கீல் மயினியிடம், “ரெண்டு பேரும் ஒரே அறைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். மயினி என்னைப் பார்த்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார்.

“கீழ் ரூம் நெறைய இவ தேங்காயல்லா போட்டு வச்சிருக்கா! பத்து மாசமும் ஜன்னல் வழியா நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அவன் என்ன, தேங்காய்க்க மேலயா கெடந்தான்?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மயினி எனக்குக் கீழே, என்னைவிடப் பெரிய எழுத்தில் போட்டார். படி இறங்கும்போது, “அப்பமே கேட்டிருக்கலாமே மயினி” என்றேன். “நீ சொல்லுவியாண்ணு பாத்தேன் மக்கா” என்றார்.

வந்த படம்

அனுமதி வந்துசேர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும், சாப்பிடுகிறானோ, தூங்குகிறானோ என்று காத்மாண்டுவில் இருக்கிறவனுக்காக இங்கே நான் கவலைப்பட்டேன். ஒரு நாள் ஒரு படம் வந்தது. வெளியே ஒரே பனி, நடுவில் சிவப்பு மரக்கதவு. கதவில் ஒரு தகடு, அதில் சிரியின் பெயரும் பிஷ்ணுவின் பெயரும். பக்கத்தில் நின்று சிரி பல் தெரியச் சிரிக்கிறாள். ஏட்டையாவுக்குக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மயினிக்குக் காட்டியாகிவிட்டது. படத்தோடு பிஷ்ணுவின் குரலும் வந்தது: “தீதி, இந்த வீட்டுக்குக் கீழ் ரூமே கிடையாது.”

இனியும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான்: உறவு என்ற கட்டத்தை அடித்துவிட்டு, பேனாவை வருகிறவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், கீழ் அறைத் தேங்காயையும், எதற்கும் இருக்கட்டும் என்று, மயினியின் கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.