சென்னிமலையில் ஒரு வெப்சைட் திறப்பு விழா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டதும் அந்தக் கோபத்தால்தான். கோயம்புத்தூரில் ஒருவர் வெப்சைட் செய்து தரும் கம்பெனி வைத்திருந்தார். ஆர்டர் பிடிப்பது அவர், உட்கார்ந்து செய்வது நான். அப்படியொன்று இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாத காலத்திலிருந்து செய்துவந்தேன். ஆனால் யாருக்குச் செய்கிறேனோ அவர்களை நான் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பார்ட்டி வந்தால் என்னைப் பின்னறைக்குப் போகச் சொல்வார். ஒருநாள் அப்படிச் சொன்னபோது பின்னறைக்குப் போகாமல் முன்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் கணக்கு முடிக்கப் போனபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். பார்ட்டி பிடிப்பதென்ன விளையாட்டா, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் நாற்காலி காலியாகவே இருக்கும் என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பார்ட்டி பிடிப்பது விளையாட்டாக இல்லைதான். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். பம்ப் செட் கம்பெனி, நூல் மில், எங்கே போனாலும் உட்காரவைத்து, காபி கொடுத்து, பிள்ளைகுட்டிகளை விசாரித்து, பாத்துச் சொல்றோமுங்க என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். அத்தோடு சரி. வயிறு நிறைய காபியோடு நான் பஸ் ஏறுவேன்.

ஒருநாள் காலையில் போர்வையை மடிக்கும்போது அதன் ஓரத்தில் தைத்திருந்த லேபிள் கண்ணில் பட்டது. சென்னிமலை விலாசம். அடுத்த நாளே பெருந்துறையில் பஸ் மாறிப் போய் இறங்கிவிட்டேன். முதலாளி ஐம்பது வயதுக்காரர். தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, போர்வையும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். நல்ல வேளையாக, வெளிநாட்டில் அவரிடம் சரக்கு வாங்குகிறவர்கள் வெப்சைட் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்களாம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரிங்கம்மணி, செஞ்சுபோடலாம்" என்றார். பாத்துச் சொல்றோம் இல்லை, செஞ்சுபோடலாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இடையில் ஆளில்லாமல் எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் பார்ட்டி. இது சொதப்பினால் அந்தக் காலி நாற்காலிதான் கதி.

வேலை முடிந்ததும் இன்று ராத்திரியே இன்டர்நெட்டில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அவரும் அவர் மனைவியும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாலு சனத்தைக் கூப்பிடாமல், நேரம் பார்க்காமல் திறப்பது எப்படி என்றார்கள். ஆவணி மாதத்து வியாழக்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். பத்திரிகை அடித்தார்கள். ஆபீஸ் வாசலில் வாழைமரம், மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். விழாவன்று முன்வரிசையில் பார்த்தால், என் பழைய முதலாளி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறார்! ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் விற்றவர் என்று அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பத்திரிகையின் அடியில் வழி கேட்க ஆபீஸ் போன் நம்பரையும் போட்டிருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. ஆபீஸில் இருந்தது ஒரே லைன். இன்டர்நெட்டுக்குப் போகவும் அதே லைன்தான் வேண்டும். முகூர்த்தம் தொடங்கியதும் போனும் அடிக்கத் தொடங்கியது. வெள்ளகோவில் சம்பந்தி எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று கேட்டார். வர முடியாத மாமன் வாழ்த்துச் சொன்னார். போன் ஒயரைக் கழற்றிவிடலாமா என்று நான் கெஞ்சினேன். "கூப்படறவிகள எடுக்காம உட்டுப்போட்டு, நாளைக்கு அவிக மொகத்துல எப்படிங்க முழிக்கறது?" என்றார் முதலாளி. எடுத்தால் வைக்கவும் மாட்டார். ஒவ்வொருவரிடமும் மழை, மாடு, மகளின் பிரசவம் எல்லாம் விசாரித்தாக வேண்டும். நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே, ஒயரைப் பிடுங்க எனக்கும் கை வரவில்லை. கிடைத்த இடைவெளியில் இணைத்தால், யாராவது கூப்பிடுகிறார்களா என்று அவர் ரிசீவரை எடுத்துப் பார்க்க, பாதி ஏறுவதற்குள் அறுந்துபோகும்.

பன்னிரண்டை நெருங்கியபோதும் ஏறி முடியவில்லை. பழைய முதலாளி பக்கத்தில் வந்து குனிந்தார். கம்ப்யூட்டருக்குள் இருப்பதையே திரையில் காட்டிவிடுங்கள், இங்கே யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்று காதோரம் சொன்னார். ஒரு நிமிடம் மனசு ஆடத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. எழுந்து நின்று, லைன் கிடைக்கலீங்க, இன்னும் ஏறலீங்க என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். முதலாளிதான், தப்பு என்மேல்தான், நம்பரைப் போட்டது நான், வாங்க முதலில் சாப்பிடலாம் என்று எல்லோரையும் பந்திக்கு அழைத்துப் போனார்.

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு கூப்பிட ஆள் ஏது? போன் ஓய்ந்தது. ஓடிப்போய் இணைத்தேன், கிடைத்துவிட்டது. ஆனால் மணி இரண்டு. ராகு காலம். முதலாளி கையைப் பிசைந்தார். அப்போதுதான் அவர் மனைவி வந்தார்.

"ஏனம்மணி, நீங்க ஏத்துனா நம்ம போர்வைப் படமெல்லாம் போயி உக்கார்ற மெசினு எந்தூர்ல இருக்குது?"

"அமெரிக்காவுலங்க."

"அங்க இப்ப மணி என்னங்க?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். விடிகாலை நாலரை.

"பிரம்ம முகூர்த்தம்! அப்பறம் என்னத்துக்கு ரோசனை? ஏத்துங்க."

ஏற்றினேன். பிறகு திரையில் பிள்ளையார் வந்தார். அவருக்குக் கீழே கோடு கோடாகச் சிவப்புக் கட்டம் போட்ட போர்வை இறங்கியது. வெற்றிலை மென்றுகொண்டு வந்து கூடியவர்கள், அடேங்கப்பா, அமெரிக்காவிலிருந்து வருகிறதாக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கூட்டத்தில் பெருந்துறைக்காரர் ஒருவர் என் பழைய முதலாளியைத் தேடிப் பிடித்து, தன் கம்பெனிப் பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். அந்த வெப்சைட்டைச் செய்ய மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறேன், ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"நம்முளுதயும் இப்படி நாலு பேர வெச்சுத் தொறந்திருக்கலாமுங்க," என்றார் அவர். "அத ஆரு செஞ்சாங்கன்னுகூட நீங்க எங்களுக்குக் காட்டலியே."

பழைய முதலாளி அதே சிரிப்போடு, சாப்பாடு ஆச்சுங்களா என்றார். நான் குறுக்கே புகுந்தேன்.

"நாந்தானுங்க செஞ்சேன்."

பெருந்துறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்த தன் மனைவியை உரக்கக் கூப்பிட்டார்.

"இங்க வா, நம்ம வெப்சைட்டு செஞ்ச அம்மணி இவிகதான். அடுத்த வாரம் நம்மூட்டுக்கு வரோணுமுன்னு நீயும் ஒரு வார்த்த சொல்லு."

அந்த அம்மா வந்து, இன்னும் ஈரம் காயாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.